பார்க்க மட்டும் அனுமதி

தம்பி,

பெரம்பலூர் மண்டபத்தில் உன் நிச்சயதார்த்தத்தன்று நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்துபோய் காரில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் தலைவலி என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். தலைவலி எதுவும் இல்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நீ 'சரிப்பா' என்று ஒரு சொல் போட்டு முடித்திருப்பாய். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் நீயும் அப்படி முடிக்க முடியாது, நானும் நாளைக்குப் பின்வாங்க முடியாது. உன் அம்மாவும் இதைப் படிப்பாள். அவளுக்குத் தெரியாத சில விஷயங்கள் இதில் இருக்கின்றன. அவள் படிக்கிற நேரத்தில் நான் வேலைக்குப் போயிருப்பேன். அது எனக்கு வசதி.

அன்றைக்குத் தாம்பூலம் மாற்றி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நித்யாவின் சித்தப்பா உன்னிடம் பேச்சுக் கொடுத்தார். கல்யாணம் முடிந்ததும் பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் பெரம்பலூருக்கே வந்துவிடப் போவதாக நீ சொன்னாய். கம்பெனி அங்கே இருக்க நீ இங்கே இருந்துகொண்டு எப்படி வேலை பார்ப்பாய் என்று அவர் கேட்டார். நீ இலையில் விரலால் கோடு போட்டுக் காட்டி விளக்கினாய். "புரோகிராம் அங்க சர்வர்ல ஓடும் சித்தப்பா. அதோட படம் மட்டும் லைன்ல வந்து என் லேப்டாப்புல தெரியும். நான் இங்க மவுசை நகத்துனா அங்க நகரும். நான் எங்க உக்காந்திருக்கேங்கறது ஒரு விஷயமே இல்ல." அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் பாயசம் குடித்திருப்பேன். "எங்கப்பா பல வருஷமா அரியலூர்ல உக்காந்து அப்படித்தான வேலை பாக்குறாங்க" என்று என்னைக் காட்டினாய். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சந்தோஷத்தில். "என்னப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாய்.

வராதே. அதுதான் என் பதில். மாதக் கடைசிக்குள் உன் மேலதிகாரியிடம் முடிவைச் சொல்ல வேண்டும் என்றாயே, பெங்களூரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடு. இனி எழுதுவதெல்லாம் அதற்கான காரணம்தான். பெற்ற பிள்ளையைச் சொந்த ஊர்ப் பக்கம் வராதே என்று சொல்கிறவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் திட்டமிடுகிறவன். புவியியல் படித்தவன். பூமியில் துளை போட்டு எடுத்த கல்லைச் சோதித்து, எந்த இடத்தில் நல்ல கல், எந்த இடத்தில் மட்டமான கல் என்று கணினியில் ஒரு படமாக்குவோம். நல்ல கல் சிவப்பு, சுமாரானது மஞ்சள், உதவாதது நீலம். அந்தப் படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, அடுத்து எங்கே வெடி வைப்பது என்று கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. நீ ஐந்தாவது படிக்கும்போது ஒரு பள்ளி விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, இந்த விளையாட்டில் எப்படி ஜெயிப்பது என்று கேட்டாய். ஜெயிக்கிற விளையாட்டு இல்லை என்று சொன்னேன். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இன்றைக்கு நீயும் அதே மாதிரி வேலைதான் பார்க்கிறாய். சுரங்கத்துக்குப் பதிலாக நகக்கண் அளவு சிப். அதிலும் வண்ண வண்ணமாய் அடுக்குகள், கோடுகள். வரைபடம் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது என்பதால் எல்லாம் அங்கேயே ஓடும், படம் மட்டும் உன்னிடம் வரும்.

எங்கள் சர்வர் முதலில் ஆலைக்குள்ளேயேதான் இருந்தது. நீ பிளஸ் டூ படித்த வருடம் அதைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படிச் செய்தவன் திருச்சியில் என்னோடு எம்.எஸ்சி. படித்தவன். களப்பயணம் போனால் வெயிலுக்குப் பயந்து பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு என் குறிப்புகளைப் பார்த்து எழுதிக்கொள்வான். அவன் தலைமை அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, எல்லா ஊர்ச் சுரங்கங்களின் மென்பொருளும் ஒரே இடத்தில் ஓடட்டும் என்று முடிவு செய்தான். ஒரு விஷயத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது என்னையும் சென்னைக்குக் கூப்பிட்டான். நான் போகவில்லை. உன் பிளஸ் டூ, உன் அம்மாவின் பள்ளிக்கூட வேலை என்று காரணம் சொன்னேன். அவை உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அந்தக் குழியை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. குழியின் சுவரைப் படிப்படியாக வெட்டி இறங்கியிருப்போம், அதில் செந்துறைப் பக்கத்துப் படியில் மழை பெய்தால் எந்த இடத்தில் மண் சரியும் என்று எனக்குத் தெரியும். இப்படித் தெரிந்தவன் கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை.

அதன்பின் என் மேசையில் இருந்தது வெறும் திரைதான். மென்பொருள் சென்னையில் ஓடும். அது வரைகிற மெனு, கோடு, வண்ணம் எல்லாம் லைனில் பயணம் செய்து அரியலூரில் என் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழும். நான் மவுஸை அழுத்தினால் அந்த அழுத்தம் சென்னைக்குப் போய், பதில் திரும்பி வர வேண்டும். படத்தைச் சுழற்றினால், பாதி சுழன்று நின்றுவிட்டு, நான் டீ குடித்து முடித்த பிறகு மீதியும் சுழலும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். லைன் போனால்தான் கொடுமை. நம் ஊரில் லைன் போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சாலையை அகலப்படுத்துகிறேன் என்று ஒருவன் தோண்டுவான், கல் லாரி ஒன்று கம்பத்தில் இடிக்கும். லைன் அறுந்த அந்த நொடியில் சென்னையில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் செத்துவிடும். காலையிலிருந்து போட்ட கோடுகள் எல்லாம் போய்விடும். மறுபடி திறக்கப் பார்த்தால், 'டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை' என்று ஒரே ஒரு வரி வரும். எத்தனை நாள் அந்த வரியோடு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் குழம்பில் உப்பில்லை என்று கத்தியிருக்கிறேன்.

அதைச் சரி செய்தவன் நீ. பொறியியல் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் வந்திருந்தாய். வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "அப்பா, அங்க ஓடுற புரோகிராம் உங்க ஸ்க்ரீனைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குது. லைன் அறுந்தா அதுவும் சேந்து வுழுந்துடுது. அதுக்கு அங்கயே ஒரு ஸ்க்ரீன் குடுத்துடலாம்."

சென்னையில் எனக்கு ஏது திரை என்றேன்.

"நெசமான ஸ்க்ரீன் வேணாம்பா. இருக்கற மாதிரி ஒண்ணு. சர்வருக்குள்ளயே இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. புரோகிராம் அதுல படம் போட்டுக்கிட்டு அது பாட்டுக்கு ஓடும். நீங்க இங்கேருந்து எட்டிப் பாத்துக்கிட்டாப் போதும். லைன் போனா உங்களுக்குத்தான் தெரியாது. அது பாட்டுக்கு அங்க இருக்கும்."

சென்னைக் கணினிப் பிரிவுக்கு ஃபோன் போட்டு, அவர்களோடு ஆங்கிலத்தில் நீயே பேசி, சாயங்காலத்துக்குள் செய்து முடித்தாய். அன்றைக்கே லைன் போனது. நான் பழக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டேன். லைன் வந்து மறுபடி திறந்தபோது, படம் நான் விட்ட இடத்திலேயே, நான் போட்டுக்கொண்டிருந்த கோட்டின் பாதியிலேயே நின்றது. அம்புக்குறிகூட வைத்த இடத்தில் இருந்தது. அன்றைக்கு உன்னைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனேன். உனக்கு இன்னொரு செட் வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். எங்கள் தலைமுறையில் அதற்கு அர்த்தம் உண்டு.

சில மாதங்கள் கழித்து, என்னோடு படித்த அந்தச் சென்னைக்காரன் சுரங்கத்தைப் பார்க்க வந்தான். குளிர்சாதனக் காரை விட்டு அதிகம் இறங்கவில்லை. என் அறையில் டீ குடிக்கும்போது, மற்ற ஊர்களிலிருந்தெல்லாம் லைன் பற்றிப் புகார் வருகிறது, என்னிடமிருந்து மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டான். நான் காட்டினேன். என் மகன் செய்தது என்று சொன்னேன். வேண்டுமென்றே லைனைப் பிடுங்கி, மறுபடி சொருகிக் காட்டினேன். படம் அப்படியே இருந்தது. அவன் எழுந்து வந்து திரைக்கு அருகில் குனிந்து பார்த்தான். "அப்ப யார் வேணும்னாலும் எங்கேருந்து வேணும்னாலும் இத எட்டிப் பாக்கலாம், அப்படித்தான?" என்று கேட்டான். ஆமாம், கடவுச்சொல் இருந்தால் போதும் என்றேன். அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசியதைத் தப்பு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லா அப்பன்களும் செய்கிற காரியம்தான். நான் காட்டியது யாரிடம் என்பதுதான் விஷயம். எல்லா ஊர்ச் சுரங்கங்களுக்கும் அந்த ஏற்பாட்டையே கொண்டுவந்தார்கள்.

போன வருடம் ஒருநாள் காலை நான் வந்து திரையைத் திறந்தேன். கை மவுஸில்கூட இல்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. வடக்கு மூலைக்குப் போயிற்று, நான் முந்தைய நாள் போட்ட எல்லைக் கோட்டைப் பிடித்து இழுத்தது, நீட்டியது, போய்விட்டது. வைரஸோ என்று பயந்து ஃபோன் செய்தேன். கார்த்திக் என்று ஒரு பையன் எடுத்தான். தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன், மதுரைப் பக்கத்தவன். "சாரி சார், நான்தான் சார். நீங்க வர்றதுக்குள்ள ஒரு சின்ன அட்ஜஸ்ட்மெண்ட் பண்ணேன் சார்" என்றான். அவன் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாய்க்கு வாய் சார். மரியாதையாகப் பேசுகிறவனிடம் சண்டை போட முடியாது தம்பி. திமிராகப் பேசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதன் பிறகு ஒரே படத்தில் இரண்டு பேர் வேலை செய்தோம். நான் இழுத்த கோட்டை அவன் நகர்த்துவான், அவன் நகர்த்தியதை நான் பழைய இடத்தில் வைப்பேன். சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில் அம்புக்குறியைப் பிடித்துக்கொள்வோம், அது திரைக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு நிற்கும்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் நான் மவுஸை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. படம் எப்போதும் போல வந்தது. அம்புக்குறி மட்டும் என் சொல்லைக் கேட்கவில்லை. மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பாட்டரி மாற்றினேன். லாரி எடை போடுகிற எடைமேடைக்குப் போய் அங்கே இருப்பவர்களிடம் ஒரு மவுஸைக் கடன் வாங்கி வந்து சொருகிப் பார்த்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். கடைசியில் சென்னைக் கணினிப் பிரிவைக் கூப்பிட்டேன். "சார், உங்க ஐடிக்கு வியூ ஒன்லி குடுத்திருக்காங்க சார். பாக்கலாம், தொட முடியாது. மெயில் வரலையா?" என்றது ஒரு பெண் குரல். மெயில் வந்திருந்தது. வேறு எதற்கோ வந்த மெயில் என்று நான் திறக்கவில்லை. கடன் வாங்கிய மவுஸை எடைமேடையில் திருப்பிக் கொடுத்தேன். "சரியாயிடுச்சுங்களா சார்?" என்று கேட்டார்கள். ஆயிடுச்சு என்றேன்.

அன்றிலிருந்து இதுதான் என் வேலை. காலையில் போகிறேன். திரையைத் திறக்கிறேன். என் குழியின் மேல் இன்னொருவனுடைய அம்புக்குறி ஊர்ந்துகொண்டிருப்பதைச் சாயங்காலம் வரை பார்க்கிறேன். சுரங்கத்திலேயே இருக்கிற ஒருவர் திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் என்னை வைத்திருக்கிறார்கள். அவன் வரைந்து அனுப்புவதை அச்செடுத்து நான் கையெழுத்துப் போடுகிறேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். இன்னிக்கு வேலை ஜாஸ்தியா என்று உன் அம்மா கேட்பாள். ஜாஸ்திதான் என்பேன். நீ பந்தியில் என்னைக் காட்டிப் பெருமையாகச் சொன்னாயே, அந்த வேலை இதுதான்.

ஒரே ஒருமுறை நான் சண்டைக்குப் போனேன். செந்துறைப் பக்கத்துப் படியில், களிமண் பட்டை ஓடுகிற இடத்தின் மேல் கார்த்திக் வெடிக்குக் கோடு போட்டிருந்தான். அந்தப் பட்டை கணினிப் படத்தில் இல்லை. இரண்டு பக்கமும் போட்ட துளைகளுக்கு நடுவில் அது ஓடுகிறது, அதனால் படம் முழுக்கச் சிவப்பாகக் காட்டும். மழைக்காலத்தில் அங்கே நின்று கால் புதைந்தவனுக்குத்தான் தெரியும். ஃபோன் செய்து சொன்னேன். "மாடல்ல நல்ல கிரேடுதான் சார் காட்டுது" என்றான். மாடல்ல காட்டும், கல்லுல கெடையாது என்றேன். "நோட் பண்ணிக்கிறேன் சார்" என்றான். மறுநாள் அதே கோட்டோடு திட்டம் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சென்னையிலிருந்து என் பழைய நண்பன் பேசினான். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் முதல்முறையாக என்னை சார் என்று கூப்பிட்டான். கையெழுத்துப் போட்டேன்.

வெடி வைத்தார்கள். களிமண்தான் வந்தது, நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன மாதிரியே. இப்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்கிற ஆசையில் நான் அன்றைக்கு வெயிலில் படி ஓரம் போய் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை தம்பி. மேற்குக் குழியிலிருந்து நல்ல கல்லைக் கொண்டுவந்து அதோடு கலந்து சூளைக்கு அனுப்பிவிட்டார்கள். சிமெண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. கார்த்திக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது கரெக்ட் சார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் சொன்னது சரி, ஆனால் அந்தச் சரி யாருக்கும் தேவைப்படவில்லை. தப்பாகப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். எங்க கம்பெனி அப்படிக் கிடையாதுப்பா என்று நீ சொல்வாய். எல்லாக் கம்பெனியும் அப்படிக் கிடையாதுதான், ஒருநாள் வரைக்கும். நீ உன் மேலதிகாரியிடம் சொல்லப் போவது என்ன? நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது முக்கியமில்லை என்று சொல்லப் போகிறாய். அவர்கள் அதை நம்புவார்கள். வேலையும் நன்றாக நடக்கும், நீ கெட்டிக்காரன். நன்றாக நடக்க நடக்கத்தான் ஆபத்து. பெரம்பலூரில் உட்கார்ந்தவனால் முடிகிறது என்றால் வேறு எந்த ஊரில் உட்கார்ந்தவனாலும் முடியும் என்பதை நீயே தினம் தினம் அவர்களுக்கு நிரூபித்துக் காட்டுவாய். அந்த முடிவை எடுக்கிற அன்றைக்கு அவர்கள் பெங்களூரில் ஒரு வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீ அந்த வராந்தாவில் இருந்தால், முகத்தைப் பார்த்தாவது ஒருவன் தயங்குவான். ஒரு காபிக்குக் கூப்பிட்டு முன்கூட்டியே காதில் போடுவான். என் கையைக் கட்டிப் போட்டபோது யாரும் தயங்கவில்லை. தயங்குவதற்கு அவர்கள் கண் முன்னால் ஒரு முகம் இல்லை. என் பெயருக்கு நேரே இருந்த ஒரு அனுமதியை எடுத்தார்கள், அவ்வளவுதான். என்னைத் துன்புறுத்த வேண்டும் என்றுகூட அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டா என்று நீ யோசிப்பாய். இருந்தது. மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு, லைன் அறுந்தால் எல்லாம் சாகிற அந்தப் பழைய ஏற்பாடே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்போது நான் இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது. நீ நல்லதுதான் செய்தாய். நீ செய்த நல்லதன் வழியாகத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் உன்னோடு ஃபோனில் சரியாகப் பேசாமல் இருந்தேன். உனக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. நான் எப்போது சரியாகப் பேசினேன்.

உன் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ வரப் போகிறாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பெரம்பலூரிலிருந்து இங்கே வந்துவிடுவீர்கள், மற்ற நாளில் அவள் பஸ் பிடித்து அங்கே வந்துவிடுவாள், முக்கால் மணி நேரப் பயணம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். "அவன் வந்துட்டா நீங்களும் கொஞ்சம் சிரிச்ச மொகமா இருப்பீங்க" என்றாள் முந்தாநாள். சிரித்த முகம் என்னவோ எனக்கு வராது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. நீ இங்கே இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். வாரத்தில் ஒருநாள் உன்னை எதிரில் உட்கார வைத்துப் பேசாமல் சாப்பிடுவதற்காகவே நான் மீதி நாட்களைத் தள்ளிவிடுவேன். உன்னை வரவேண்டாம் என்று சொல்கிறவனுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. எனக்குப் பிடித்ததைச் சொல்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி கூப்பிட்டார் என்று பெரம்பலூர் போனேன். உனக்குத் தெரியாது, உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மாடியில் உனக்காக ஒரு அறை கட்டிக்கொண்டிருக்கிறார். கூரை போட்டாகிவிட்டது, பூச்சு நடக்கிறது. மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று சரிவு பார்த்துக் கட்டியிருக்கிறார். மனிதர் நல்லவர். மகளைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பதில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. எலெக்ட்ரீஷியனையும் வரச் சொல்லியிருந்தார். "சம்பந்தி, நீங்களும் இதே வேலைதான பாக்குறீங்க. மேச எங்க போடறது, பிளக் பாயிண்ட் எங்க வக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு இதெல்லாம் என்னா தெரியும்" என்றார்.

சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அறையை ஒரு சுற்றுச் சுற்றினேன். மேற்கே ஜன்னல் இருக்கிறது, அதற்கு எதிரே உட்கார்ந்தால் சாயங்கால வெயில் திரையில் அடிக்கும், உனக்குக் கண் கூசும். வடக்குச் சுவரைக் காட்டினேன். மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பிளக் பாயிண்ட் வைக்கச் சொன்னேன், குனிய வேண்டாம் பார். லைனுக்குத் தனிக் குழாய் போடச் சொன்னேன், மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கொண்டுவரக் கூடாது என்றேன். எலெக்ட்ரீஷியன் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளைக்கு எது வேணும்னு ஒங்களுக்குத்தான் தெரியுது" என்றார். நான் தலையை ஆட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணம் நடக்கட்டும். நித்யாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போ. வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னாலும் தினமும் அலுவலகம் போ. உன் முகத்தைக் காட்டிக்கொண்டிரு, சண்டை வந்தால் நேரில் போய் நின்று போடு. அதனாலும் ஒருநாள் தப்பிக்க முடியாமல் போகலாம். உன் அம்மா இதைப் படித்ததும் உனக்கு ஃபோன் செய்து, அவர் கிடக்கிறார் நீ வா என்பாள். அழுவாள். நீ இளகிவிடாதே. சம்பந்தியிடம் நான் நேரில் போய்ச் சொல்கிறேன். அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அறையை வாடகைக்கு விடச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து நர்சிங் படிக்க வருகிற பிள்ளைகள் பெரம்பலூரில் அறை கிடைக்காமல் அலைகிறார்கள். பிளக் பாயிண்ட் அந்த உயரத்தில் இருப்பது அவர்களுக்கும் வசதியாகத்தான் இருக்கும்.

அப்பா